வியர்வையில் வரும் சேதி

(தென்காசியில் சாரல் காலத்து மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு, சாரல் காலத்தில், வியர்வையைப் பற்றிப் பேசப்போகிறேன். ஊரே ஈரக்காற்றில் சுகமாக இருக்கும்போது இந்த மனிதருக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் சாரல் எத்தனை மாதம்? ஆனியில் தொடங்கினால் ஆவணியோடு சரி. மிச்ச மாதங்களில்? சித்திரை வெயிலில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவரின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? சூளையில் பச்சைக்கல் அடுக்கும் பெண்களின் நெற்றியைப் பார்த்திருக்கிறீர்களா? விடியற்காலையில் குற்றாலச் சாலையில் போலீஸ் தேர்வுக்காக ஓடிப் பழகும் பையன்களின் பனியனைப் பிழிந்து பார்த்திருக்கிறீர்களா? 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் அவர்களுக்கு. அருவிக்கரை ஊர் என்று பெயர்தானே தவிர, இதுவும் வியர்வை சிந்திப் பிழைக்கும் சீமைதான்.

அந்த வியர்வைக்குள் என்ன இருக்கிறது? தண்ணீர் இருக்கிறது. உப்பு இருக்கிறது. கொஞ்சம் யூரியா, கொஞ்சம் லாக்டேட் இருக்கிறது. இவ்வளவும் பள்ளிக்கூடத்துப் பாடம். பாடப்புத்தகம் சொல்லாத இன்னொன்றும் அதில் இருக்கிறது. நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதி மூலக்கூறுகள்! அவற்றுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். ஓடும்போது, உழைக்கும்போது, ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், வியர்வையிலேயே அவற்றை அளக்க முடியுமா? அளந்தால் கிடைக்கும் எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? இதுதான் இன்றைய என் பேச்சு.

சைட்டோகைன் என்ற சொல் உங்களுக்குப் புதிது என்று நான் நினைக்கவில்லை. 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனாவின் இரண்டாவது அலை. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் திகைத்து நின்றன! சி.ஆர்.பி. என்று ஒரு வரி, டி-டைமர் என்று ஒரு வரி, ஃபெரிட்டின் என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஐ.எல்.-6 என்று ஒரு வரி. அந்தக் கடைசி எண் ஏறிவிட்டால் டாக்டர் முகம் மாறியது. சைட்டோகைன் புயல் என்றார்கள். டோசிலிசுமாப் என்ற ஊசிமருந்தைத் தேடி ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அந்த மருந்து என்ன செய்கிறது? ஐ.எல்.-6 கொண்டுவரும் சேதியைச் செல்கள் வாங்கிக்கொள்ள விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு நம் மனசில் ஒன்று ஆழமாகப் பதிந்துபோனது: ஐ.எல்.-6 ஏறினால் ஆபத்து.

இந்த ஐ.எல்.-6, முழுப்பெயர் இன்டர்லூகின்-6, உலகத்துக்கு அறிமுகமானது ஜப்பானில். 1986இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தடாமிட்சு கிஷிமோட்டோவும் தோஷியோ ஹிரானோவும் சேர்ந்த குழு இதற்கான மரபணுவைப் பிரித்தெடுத்தது. ஆன்டிபாடி சுரக்கச் செல்களைத் தூண்டும் பொருள் என்றுதான் அப்போது அதைத் தெரியும். பிறகு பார்த்தால் காய்ச்சலில் இருக்கிறது, மூட்டுவாதத்தில் இருக்கிறது, ரத்தத்தில் கிருமி பரவும்போது இருக்கிறது. வீக்கம் எங்கேயோ அங்கே ஐ.எல்.-6.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். குற்றாலச் சாலையில் ஓடும் அந்த ஆரோக்கியமான பையன், அவன் ரத்தத்தில் ஐ.எல்.-6 ஏறுமா, இறங்குமா? ஏறும் என்று சொன்னால் நம்புவீர்களா? கொஞ்சநஞ்சம் இல்லை, மாரத்தான் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தில் நூறு மடங்கு வரை ஏறியிருப்பதை அளந்து எழுதியிருக்கிறார்கள். நூறு மடங்கு! நோயாளி ஒருவருக்கு அப்படி ஏறினால் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஓடி முடித்தவரோ கோட்டுக்கு அந்தப் பக்கம் வாழைப்பழம் தின்றபடி போட்டோவுக்கு நிற்கிறார். சில மணி நேரத்தில் அந்த அளவும் தானாக இறங்கிவிடுகிறது.

இது எப்படி? முதலில் எல்லோரும் நினைத்தது, ஓட்டத்தில் தசைநார் கிழிகிறது, அந்தக் காயத்துக்கு வரும் வீக்கத்தால்தான் ஏறுகிறது என்று. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்து ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். என்ன அழகான சோதனை தெரியுமா? 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஆட்களை உட்காரவைத்து, ஒரே ஒரு காலை மட்டும் மணிக்கணக்கில் நீட்டி மடக்கச் சொன்னார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. இரண்டு கால்களுக்கும் போகும் ரத்தம், வரும் ரத்தம் இரண்டையும் எடுத்து அளந்தார்கள். சும்மா இருந்த காலிலிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை செய்த காலிலிருந்து ஐ.எல்.-6 வந்துகொண்டே இருந்தது. ஒரே உடம்பு, ஒரே ரத்தம். உழைத்த கால் மட்டும் சுரக்கிறது. அப்படியானால் வேலை செய்யும் தசையே அதைச் சுரக்கிறது என்றுதானே அர்த்தம்? தசையில் சேமித்த சர்க்கரை குறையக் குறையச் சுரப்பு கூடுகிறது. ஈரலுக்குச் சர்க்கரை கேட்டுச் சேதி போகிறது, கொழுப்புக்குக் கரையச் சொல்லிச் சேதி போகிறது. அந்தக் குழுவை வழிநடத்திய பென்டே கிளார்லண்ட் பெடர்சன் அம்மையார், தசை சுரக்கும் இந்தச் சேதி மூலக்கூறுகளுக்கு மயோகைன் என்று பெயர் வைத்தார்.

அதோடு அவர்கள் விடவில்லை. 2003இல் இன்னொரு சோதனை. பாக்டீரியாவின் உறையிலிருந்து எடுத்த நச்சுப்பொருளை மிகச் சிறிய அளவில் ஆரோக்கியமானவர்களுக்கு ஊசியில் போட்டார்கள். சும்மா இருந்தவர்களுக்கு டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற சைட்டோகைன் ஏறியது. வீக்கத்தைக் கிளப்புவதில் அதற்கு நிகர் கிடையாது. மூன்று மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, நடுவில் அதே ஊசியைப் போட்டும், அந்த ஏற்றம் அடங்கிக் கிடந்தது! உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு ஐ.எல்.-6ஐ ஏற்றிவிட்டு ஊசி போட்டாலும் அப்படியே. கொரோனா காலத்தில் நாம் பார்த்துப் பயந்த அதே ஐ.எல்.-6, இங்கே வீக்கத்தை அடக்குகிற பக்கத்தில் நிற்கிறது.

அன்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே மூலக்கூறு. ஒரே பெயர். ஒரே எண்கூட இருக்கலாம். நோயில் அது டி.என்.எஃப். ஆல்ஃபாவின் பின்னாலேயே வருகிறது. ஓட்டத்தில் அது முந்திக்கொண்டு வருகிறது, அதன் பின்னால் ஐ.எல்.-10 போன்ற வீக்கம் தணிக்கும் மூலக்கூறுகள் வருகின்றன. ஆகவே எவ்வளவு என்று மட்டும் கேட்பவன் ஏமாந்துபோவான். எப்போது வந்தது என்று கேட்க வேண்டும். யாரோடு வந்தது என்று கேட்க வேண்டும். எப்போது, யாரோடு, இந்த இரண்டு கேள்விகளும் இல்லாமல் சைட்டோகைன் எண்ணைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பது பாதி வேலை.

எப்போது என்று கேட்க வேண்டுமானால் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். ஓடுகிறவனை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி நரம்பில் ஊசி குத்த முடியுமா? ஆய்வுக்கூடத்தில் குழாய் செருகிச் செய்யலாம். ரோட்டில் செய்ய முடியுமா? சூளையில் செய்ய முடியுமா? அதனால்தான் விஞ்ஞானிகள் கண் வியர்வையின் மேல் விழுந்தது. அது கேட்காமலே வருகிறது. விடாமல் வருகிறது. வலிக்காமல் வருகிறது.

வருவது உண்மை. அதில் சைட்டோகைன் இருப்பதும் உண்மை. 1990இலேயே மனித வியர்வையில் இன்டர்லூகின்-1 இருப்பதையும், அது செயல்படும் நிலையில் இருப்பதையும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2006இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் ஆரோக்கியமான பெண்களின் தோலில் ஒட்டுப்பட்டை ஒன்றை 24 மணி நேரம் ஒட்டிவைத்து, அதில் ஊறிய வியர்வையில் ஐ.எல்.-6, டி.என்.எஃப். ஆல்ஃபா முதலியவற்றை அளந்தார்கள். அதே பெண்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போவதாகச் சொன்னார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அல்லவா? பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படி ஒத்துப்போகவில்லை. ஏன்? இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அளவு. சைட்டோகைனைப் பிகோகிராமில் சொல்கிறார்கள். ஒரு கிராமை லட்சம் கோடி பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு பிகோகிராம். கோடி என்றால் நமக்குப் பழக்கம், லட்சம் கோடி என்றால் பட்ஜெட் கணக்கு மாதிரி காதில் விழுந்து போய்விடும். ஆகையால் வீட்டுச் சமையலறைக்கு வாருங்கள். பொடியுப்பில் ஒரே ஒரு துகளை விரல்நுனியில் எடுங்கள். அதன் எடை ஏறக்குறைய ஆறு கோடி பிகோகிராம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஐ.எல்.-6 ஒன்றிரண்டு பிகோகிராம்தான். உடம்பில் ஓடும் ரத்தநீர் அத்தனையையும் வடித்து அதிலுள்ள ஐ.எல்.-6ஐத் திரட்டினாலும், அந்த உப்புத்துகளில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தேறுவது கஷ்டம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையோடு பார்த்தால் நூறு கோடியில் ஒரு பங்கு. சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டரையே கொஞ்சம் மாற்றிச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு சின்ன அளவைப் பிடிக்க ஆன்டிபாடி வேண்டும். தனக்குரிய மூலக்கூறை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் அது. 1971இல் ஸ்வீடனில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் கொடுத்த எலைசா முறை இந்த நம்பிக்கையில் நடப்பதுதான். ஆனால் எலைசாவுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், மணிக்கணக்கில் நேரம் வேண்டும். ஓடுகிறவன் மணிக்கட்டில் எலைசாவைக் கட்டிவிட முடியாது.

அடுத்தது, எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இதுதான் பெரிய கேள்வி. இதில்தான் நான் உங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தப்போகிறேன்.

நம் தோலில் இருபது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் ஒரு குழாய். அடியில் சுருண்ட பகுதி, பக்கத்தில் இருக்கும் திரவத்திலிருந்து உப்புநீரைச் சுரக்கிறது. மேலே வரும் வழியில் குழாய் அந்த உப்பில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய நீர் தோலில் துளிர்க்கிறது. சின்ன மூலக்கூறுகள் ரத்தத்திலிருந்து இந்த நீருக்குள் சுலபமாக வந்துவிடும். சாராயம் மிகச் சின்ன மூலக்கூறு. குடித்தவர் ரத்தத்தில் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு வியர்வையிலும் வரும். அமெரிக்காவில் குடிக்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவிட்ட ஆட்களின் கணுக்காலில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள், தோல் வழியே வரும் ஆல்கஹாலை அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஊதச் சொல்ல வேண்டியதில்லை! (இதைக் கேட்டுச் சிரிக்காத இரண்டொருவர் முகத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை.)

ஐ.எல்.-6 அப்படிச் சின்னது இல்லை. சாராய மூலக்கூறைவிட நானூறு ஐந்நூறு மடங்கு கனமான புரதம். சுரப்பியின் செல்கள் நெருக்கமாகப் பிணைந்து நிற்கும் சந்துகளில் அது நுழைவது கடினம். அப்படியானால் வியர்வையில் கிடைக்கும் சைட்டோகைன் ரத்தத்திலிருந்து கசிந்ததா, சுரப்பியே தயாரித்ததா, தோலிலிருந்து கலந்ததா? இன்டர்லூகின்-1 ஆல்ஃபாவைப் பொறுத்தவரை விடை தெரியும். 1994இல் வந்த ஆய்வு ஒன்று, அது வியர்வைச் சுரப்பியிலேயே பிறக்கிறது என்று காட்டியது. நம் மேல்தோலின் செல்களும் அதைச் சேர்த்து வைத்திருக்கின்றன. சொறிந்தால் வெளியே வரும், தோலைத் தேய்த்தால் வெளியே வரும். ஆகவே வியர்வையில் அது கூடியிருந்தால் உடம்பு முழுக்க வீக்கம் என்று சொல்லிவிடலாமா? அரிப்பு எடுத்துக் கையைச் சொறிந்தவராகவும் இருக்கலாம் அல்லவா?

இதற்கு மாறாக வியர்வை உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரு கதை உண்டு. அதையும் கேளுங்கள். 1948 கோடையில் நியூயார்க்கில் கடுமையான வெப்ப அலை. வெயிலில் சுருண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல், கணைய நோய் உள்ள குழந்தைகள் அதிகமாக இருந்தார்கள். ஏன் இந்தக் குழந்தைகள் மட்டும் என்று பால் டி சான்ட் ஆக்னஸ் என்ற மருத்துவர் தேடினார். 1953இல் விடை சொன்னார்: அவர்கள் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறிப் போகிறது. 1959இல் கிப்சன், குக் என்ற இருவர், தோலில் பைலோகார்ப்பின் மருந்தை லேசான மின்சாரத்தால் செலுத்தி, ஓடாமல் ஆடாமல் வியர்க்கவைக்கும் முறையைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்த நோயை உறுதிசெய்ய வியர்வையில் குளோரைடைத்தான் அளக்கிறார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் என்ற எல்லையைத் தொட்டால் சந்தேகம் வலுக்கிறது.

அது ஏன் வென்றது? அந்த நோயின் கோளாறு சுரப்பியின் குழாயிலேயே இருந்தது. உப்பைத் திரும்ப எடுக்க முடியாத குழாய். வியர்வை தன் வீட்டுக் கதையைச் சொன்னது, நாம் நம்பினோம். சைட்டோகைன் விஷயத்தில் நாம் கேட்பது என்ன? தசையில் பிறந்து, ரத்தத்தில் கலந்து, தோல்வரை வந்த ஒன்றைப் பற்றி வியர்வை சாட்சி சொல்ல வேண்டும் என்கிறோம். அது செவிவழிச் சாட்சி. குறுக்கு விசாரணை இல்லாமல் ஏற்கக்கூடாது.

சரி, முயற்சியே நடக்கவில்லையா? நடக்கிறது, மும்முரமாக நடக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் ஷாலினி பிரசாத் என்ற பேராசிரியர் இருக்கிறார். ஸ்ரீராம் முத்துக்குமார் என்பவர் என்லைசென்ஸ் என்ற நிறுவனத்தை நடத்துகிறார். பெயர்களைக் கேட்டதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது! இவர்கள் குழு செய்த சென்சார், தோல் தானாகக் கசியவிடும் சில மைக்ரோலிட்டர் வியர்வையிலேயே வேலை செய்கிறது. ஓடி வியர்க்க வேண்டிய தேவைகூட இல்லை. ஆன்டிபாடி பூசிய நுண்ணிய மின்முனைகள்; சைட்டோகைன் வந்து ஒட்டினால் மின்தடையில் மாறுதல்; அந்த மாறுதல்தான் அளவு. 2021இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் ஒரு முடிவை வைத்தார்கள். ஆரோக்கியமானவர்கள் ஆறு பேர், ஃப்ளூ காய்ச்சல்காரர்கள் ஐந்து பேர். நோயாளிகள் ஐவரில் இருவருக்கு வியர்வையில் சைட்டோகைன் கூடியிருந்தது. ஐவரில் இருவர்! அவர்கள் ஐ.எல்.-6 ஒன்றை மட்டும் பார்க்கவில்லை, டி.என்.எஃப். ஆல்ஃபா, ஐ.எல்.-10 என்று கூட வருகிறவர்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். யாரோடு வந்தது என்ற நம் கேள்வி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் வெய் காவ் என்பவரின் குழு 2023இல் இன்னொன்றைக் காட்டியது. வீக்கத்தின்போது ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை வியர்வையில் அளக்கும் ஒட்டுப்பட்டை. அதில் எனக்குப் பிடித்தது சி.ஆர்.பி.யை அளப்பது கூட இல்லை. கூடவே வியர்வையின் உப்புச்செறிவு, அமிலத்தன்மை, தோலின் வெப்பம் மூன்றையும் அளந்து, அந்தக் கணக்கை வைத்து எண்ணைத் திருத்துகிறார்கள். ஏன் திருத்த வேண்டும்? வியர்வை மெதுவாக வரும்போது ஒரு செறிவு, கொட்டும்போது ஒரு செறிவு. தண்ணீர் கூடினால் எண் குறையும், நோய் குறைந்ததாக நினைத்துக்கொள்வோம். வியர்வை எவ்வளவு வேகத்தில் வந்தது என்று சொல்லாமல் சைட்டோகைன் அளவை மட்டும் காட்டும் எந்த வாட்ச்சையும் வாங்காதீர்கள். கடைக்காரர் என்மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அந்தச் சென்சாரைக் கொண்டுவந்து நம் பையன் கையில் கட்டினால் என்ன நடக்கும்?

சித்திரையில் கட்டுகிறோம். வெயில், காய்ந்த காற்று. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப்போகும். தோலில் உப்பும் புரதமும் படிந்து நிற்கும். அதே பையன், அதே சாலை, அதே வேகம், ஆடி மாசம் கட்டுகிறோம். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று. உடம்பு கொதிக்கவில்லை, வியர்வை குறைவு. வந்த வியர்வையும் காய்வதில்லை, வழிகிறது. அதன்மேல் சாரல் துளி வேறு. பட்டைக்குள் போனது எவ்வளவு வியர்வை, எவ்வளவு மழை? இரண்டு எண்களும் வேறு வேறாக வரும். பையன் உடம்பு மாறியதா? மாறவில்லை. மலைதான் மாறியது.

இன்னொன்று. வெயிலில் தொடர்ந்து இரண்டு வாரம் உழைத்தால் உடம்பு பழகிக்கொள்கிறது. சீக்கிரம் வியர்க்கும், அதிகம் வியர்க்கும், உப்பு குறைவாகப் போகும். ஜப்பானிய உடலியல் அறிஞர் யசு குனோ, வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை குழந்தையின் முதல் இரண்டு வயதுக்குள், அது வளரும் சூட்டைப் பொறுத்து முடிவாகிவிடுகிறது என்று எழுதினார். அப்படியானால் பாவூர்சத்திரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கும் குளிர்நாட்டில் வளர்ந்தவருக்கும் ஒரே அளவுகோல் செல்லுமா? கோபன்ஹேகனிலும் டல்லாஸிலும் போட்ட கோட்டை வைத்து நம் ஆட்களை அளக்கலாமா? நமக்கு நம் கோடு வேண்டும். அதைப் போட நம் ஆட்களை அளக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குற்றாலத்துக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். உச்சிமுதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொண்டு குளிப்பது இங்கே தொன்றுதொட்ட சுகம். ஆனால் எண்ணெய் தேய்த்த தோலில் பட்டை ஒட்டாது. ஒட்டினாலும் மேல்தோலை அழுத்தித் தேய்த்ததால் வெளிவந்த இன்டர்லூகின்-1 ஆல்ஃபா முதல் துளியிலேயே கலந்துவிடும். அளக்கிற நாளில் எண்ணெய் கூடாது. நல்ல தண்ணீரில் கையைக் கழுவி, முதலில் வரும் வியர்வையைத் துடைத்துப் போட்டுவிட்டு, அடுத்து வருவதைத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டு யாரை அளப்பது? ஜிம்முக்குப் போகிறவரையா? அவர் தாராளமாக அளந்துகொள்ளட்டும். அவருக்குக் களைத்தால் உட்கார நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை வேலையிடத்திலேயே போய் ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். தண்ணீரும் கழிப்பறையும் போதவில்லை. சிலருக்குச் சிறுநீரகத்தின் திறனே குறைந்திருக்கிறது. நாள் முழுக்க வெப்பத்தில் உழைக்கும் உடம்பில் ஐ.எல்.-6 ஏறுவது, சைக்கிள் மிதித்தவருக்கு ஏறியதுபோல நல்ல ஏற்றமா, கெட்ட ஏற்றமா? மாலையில் இறங்குகிறதா, இறங்குவதற்குள் மறுநாள் வேலை தொடங்கிவிடுகிறதா? இந்தக் கேள்விக்கு ரத்தத்தில் ஒரு தடவை எடுத்த எண் விடை சொல்லாது. நாள் முழுக்க ஒட்டியிருக்கும் பட்டைதான் சொல்ல முடியும். வியர்வைச் சென்சாருக்கு நான் வாதாடுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இங்கே கல்லூரி மாணவர்கள் இருக்கிறீர்கள். சென்சார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு எடைமெஷினை வைத்துத் தொடங்குங்கள். ஓடுவதற்கு முன்னால் எடை பாருங்கள், ஓடிய பின் உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டி, போன சிறுநீரைக் கழியுங்கள். வரும் ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் வியர்வை. அன்றைய சூடு, ஈரப்பதம் இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். சித்திரையில் எழுதுங்கள், ஆடியில் எழுதுங்கள், ஐப்பசி மழையில் எழுதுங்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான். நம் மாவட்டத்து வியர்வைக் கணக்கு என்று ஒரு நோட்டு இருக்கட்டும். நாளைக்கு எந்தக் கம்பெனி எந்தச் சென்சாரைக் கொண்டுவந்தாலும், அந்த நோட்டு இல்லாமல் அவர்கள் எண்ணுக்கு இங்கே அர்த்தம் சொல்ல முடியாது. அதற்கு அடுத்த படி பெரிய படி. ஒரே ஆளிடம் ரத்தமும் வியர்வையும் ஒரே நேரத்தில், வேலைக்கு முன், வேலை முடிந்ததும், இரண்டு மணி நேரம் கழித்து. அதற்கு மருத்துவக் கல்லூரி வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பணம் வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். மூட்டை தூக்குகிறவரின் முதுகில் பட்டையை ஒட்டி ஒரு எண்ணை எடுக்கிறோம். அந்த எண் யாருக்குப் போகிறது? டாக்டருக்குப் போகலாம், அவருக்கே போக வேண்டும். கங்காணிக்குப் போனால்? இவருக்கு எண் ஏறுகிறது, நாளைக்கு வேறு ஆளைக் கூட்டி வா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஏறிய எண் நல்லதா கெட்டதா என்று விஞ்ஞானிகளே எப்போது, யாரோடு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, கூலி கொடுக்கிறவர் யோசிக்கப்போவதில்லை. ஆகவே தொழிலாளியிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், இந்த எண் வேலை கொடுப்பவர் கைக்குப் போகாது என்று அவருக்குப் புரியும் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, அவர் கையில் ஒரு நகலும் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாத ஆய்வு எந்தப் பெரிய நிறுவனத்திலிருந்து வந்தாலும் நம் ஊர்ச் சந்தைக்குள் விடாதீர்கள்.

பேச்சை இத்தோடு நிறுத்துகிறேன். எடைமெஷின் விஷயமாகப் பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதலாம். மற்றவர்கள் கேள்விகளைக் கேளுங்கள், மழை விட்டபாடில்லை, நேரம் இருக்கிறது.